குத்தகை நிலத்து வீடும் குடிவைப்போர் கடமையும்

பணியின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுப் புறப்பட்டு, டெல்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல, தம் வாழ்நாட் சேமிப்பைத் திரட்டி ஆங்காங்கே ஒரு வீட்டை வாங்கியிருக்கின்றன. அவ்வீடு பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒரு பகுதியாகவே இருக்கும். வேறு நகரத்திற்கு மாற்றலாகிப் போகும்போதும், ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போதும், பிள்ளைகளோடு போய் இருக்கும்போதும், அவ்வீட்டைப் பூட்டி வைக்க மனமின்றிக் குடிக்கூலிக்கு விடுகிறோம். ஓய்வூதியத்தோடு இக்கூலியும் சேர்ந்தே பல முதியோரின் மாதச் செலவு நடைபெறுகிறது.

'வீடு நம்முடையது, அதில் யாரைக் குடிவைத்தால் யாருக்கென்ன?' என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், வீடு நம்முடையதாக இருக்கலாம், அது நிற்கும் நிலம் நம்முடையதுதானா என்ற வினாவை நம்மிற் பலர் எழுப்புவதில்லை. வட இந்திய நகரங்களிலும் மராட்டிய மாநிலத்திலும் நாம் வாங்கும் வீடுகளிற் கணிசமானவை குத்தகை நிலத்தில் எழுந்தவை. அத்தகைய வீட்டைக் குடிக்கூலிக்கு விடுவோர் மேற்கொள்ள வேண்டிய பொறுப்புகள் யாவை, அவற்றைப் புறக்கணித்தால் விளையும் தீங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குத்தகை உரிமை என்பது யாது?

குத்தகை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நஞ்செய் நிலமும், அளந்து போடும் நெல்லும்தான். 'லீஸ்' என்ற சொல்லோ சென்னையில் வேறு பொருளில் வழங்குகிறது. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையே அங்கு லீசு என்கிறார்கள். ஒத்தி, போக்கியம் என்று முன்னோர் கூறியதற்கு அது நெருங்கியது. நாம் இங்குப் பேசும் குத்தகை இவ்விரண்டும் அன்று.

நம் ஊர் வழக்கிலிருந்தே இதற்கு ஓர் ஒப்புமை காட்டலாம். தமிழகத்துக் கோயில் நகரங்களில் அடிமனை கோயிலுக்குச் சொந்தமாகவும், அதன் மேல் எழுந்த வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமாகவும் இருப்பது உண்டு. வீட்டுக்காரர் அடிமனைக்கென ஒரு வாடகையைக் கோயிலுக்குச் செலுத்தி வருவார். வீட்டை மகனுக்கு எழுதி வைப்பதும், பிறருக்கு விற்பதும் என வரும்போது அடிமனையின் கேள்வி தலையெடுக்கும். நகரத்துக் குத்தகை வீட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கோயிலுக்குப் பதிலாக அங்கே அரசாங்கமோ, அரசாங்கம் அமைத்த வளர்ச்சி ஆணையமோ அடிமனைக்கு உரியவராக இருக்கிறது.

டெல்லியை எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டெல்லி வளர்ச்சி ஆணையம், ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிக் குத்தகை உரிமையில் மக்களுக்கு ஒதுக்கியது. அரசாங்க நிலத்துக் குத்தகைப் பத்திரங்களில் நிலத்துக்கு உரியவராகக் குறிக்கப்படுபவர் இந்தியக் குடியரசுத் தலைவரே ஆவார். யமுனைக்கு அப்பால், 1976ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய நொய்டாவில் குத்தகைக் காலம் 90 ஆண்டுகள். 1970இல் அமைக்கப்பட்ட சிட்கோ நிறுவனம் உருவாக்கிய நவி மும்பையில், நிலம் 60 ஆண்டுக் குத்தகையாக வழங்கப்பட்டு வந்தது. கொல்கத்தாவை அடுத்த சால்ட் லேக்கிலோ மேற்கு வங்க அரசு மனைகளை 999 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கியது. காலம் நீண்டதாயினும் குறுகியதாயினும் அடிப்படை ஒன்றே: நிலம் பிறருடையது, அதை வரையறுத்த காலத்திற்கு, வரையறுத்த நிபந்தனைகளோடு அனுபவிக்கும் உரிமை மட்டுமே நம்முடையது.

வீட்டுக்காரரின் இரட்டை நிலை

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. குத்தகை வீட்டைக் குடிக்கூலிக்கு விடுபவர் கீழே உள்ளவருக்கு வீட்டுக்காரர். மேலே உள்ளவருக்குத் தாமே குடித்தனக்காரர். படிக்கட்டின் நடுப்படியில் நிற்பவரைப் போன்றது அவர் நிலை. கீழ்ப்படியில் உள்ளவர் தவறினாலும் மேற்படியில் உள்ளவர் கேள்வி கேட்பது நடுப்படியில் நிற்பவரையே.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் இதைத் திட்டமாகக் கூறுகிறது. அதன் 108ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவகையாக எழுதப்படாதிருந்தால், குத்தகைதாரர் தம் உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ பிறருக்கு உள்குத்தகைக்கு விடலாம். ஆனால் அவ்வாறு விட்டதனாலேயே குத்தகைக்கு உரிய பொறுப்புகள் அவரை விட்டு நீங்கிவிடுவதில்லை. 'வீட்டில் நான் இல்லையே, குடித்தனக்காரர் அல்லவா அதைச் செய்தார்?' என்ற மறுமொழி நில உரிமையாளரிடம் செல்லாது.

இதே சட்டத்தின் 115ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. நிபந்தனையை மீறியதற்காகத் தலைமைக் குத்தகை பறிபோனால், அதன்கீழ் எழுந்த உள்குத்தகைகளும் பொதுவாக அதனோடு அழிந்துபோகும். வேர் அறுந்தால் கிளை நிற்பதில்லை. ஆகவே வீட்டுக்காரரின் கவனக்குறைவு அவருடைய சொத்தை மட்டுமன்றி, முறையாகக் கூலி கொடுத்து வாழும் ஒரு குடும்பத்தின் கூரையையும் சேர்த்தே அபாயத்துக்கு உள்ளாக்குகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் கடமைகளின் அருமை புலப்படும்.

முதற் கடமை: பத்திரத்தைப் படித்தல்

வீடு வாங்கிய நாளிலே கையெழுத்திட்டுப் பெட்டியில் வைத்த குத்தகைப் பத்திரத்தை வெளியே எடுத்து ஒருமுறை முழுவதும் படிப்பதே முதற் கடமை. அரசாங்கக் குத்தகைகளைப் பொறுத்தவரை பத்திரத்தின் வாசகமே தலைமையானது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ மராட்டியிலோ எழுதப்பட்ட அதன் நடை கடினமாயின், வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பொருள் அறிந்துகொள்ளுதல் நலம். அதில் நாம் தேட வேண்டியவை நான்கு.

முதலாவது, பயன்பாடு பற்றிய நிபந்தனை. பெரும்பாலான பத்திரங்கள் 'குடியிருப்புக்கு மட்டுமே' என்று வரையறுக்கும். இரண்டாவது, பிறரிடம் ஒப்படைப்பது பற்றிய நிபந்தனை. விற்பதற்கும் அடமானம் வைப்பதற்கும் முன்னனுமதி வேண்டும் என்பது பொதுவிதி. குடிக்கூலிக்கு விடுவதற்கும் அனுமதி வேண்டுமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். மூன்றாவது, கால வரம்பு. டெல்லியில் வழங்கப்பட்ட குடியிருப்பு மனைக் குத்தகைப் பத்திரங்கள் பலவற்றில், மாதவாடகைக்கோ, ஐந்தாண்டுக்கு மேற்படாத காலத்திற்கோ, குடியிருப்புக்கென மட்டும் உள்வாடகைக்கு விடலாம் என்ற வாசகம் காணப்படுகிறது. அப்படிப்பட்ட பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்பதாண்டுக்கு ஒரு நிறுவனத்திற்கு வீட்டை எழுதிக் கொடுப்பது, கூலி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தபோதிலும், தவறாகும். நான்காவது, கட்டடத்தை மாற்றியமைப்பது பற்றிய நிபந்தனை. முற்றத்தை மூடுவதும், தாழ்வாரத்தை அறையாக்குவதும், சுவரை இடிப்பதும் இதன்கீழ் வரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சொத்து மாற்றச் சட்டத்தின் 114ஆம் பிரிவை அடுத்து வரும் 114-அ பிரிவு, குத்தகைதாரருக்கு ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. மீறப்பட்ட நிபந்தனை இன்னதென்று எழுத்து மூலம் அறிவித்து, அதைச் சீர்செய்ய நியாயமான காலம் கொடாமல் வெளியேற்ற வழக்குத் தொடரக்கூடாது என்பதே அப்பாதுகாப்பு. ஆனால் உள்வாடகைக்கு விடக்கூடாது, பிறர் கையில் ஒப்படைக்கக்கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனைகளுக்கு அது பொருந்தாது என்று அப்பிரிவே கூறிவிடுகிறது. சுவரை மாற்றியவருக்குக் கிடைக்கும் அவகாசம், தடையை மீறி உள்வாடகைக்கு விட்டவருக்குக் கிடைக்குமென்று நம்ப இடமில்லை.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் வீடு வைத்திருப்போர் பத்திரத்தோடு சங்கத்தின் துணைவிதிகளையும் படித்தறிதல் வேண்டும். நிலக் குத்தகை சங்கத்தின் பெயரில் இருக்கும்; நாம் அச்சங்கத்தின் உறுப்பினராக வீட்டை அனுபவிப்போம். எனவே நமக்கும் நில உரிமையாளருக்கும் நடுவே இன்னொரு படி இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

செலுத்த வேண்டிய தொகைகள்

அடிமனை வாடகை பெரும்பாலும் சிறு தொகையாகவே இருக்கும். சிறு தொகை என்பதனாலேயே அது மறக்கப்படுகிறது. மறக்கப்பட்ட தொகை வட்டியோடு வளர்ந்து, வீட்டை விற்கவோ உரிமையை மாற்றவோ முனையும் நாளில் பெரிய பாக்கியாக வந்து நிற்கிறது. மாதந்தோறும் குடிக்கூலி நம் வங்கிக் கணக்கில் வந்து சேரும்போது, அடிமனை வாடகையும் ஆண்டுதோறும் உரிய நாளில் செலுத்தப்படுகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. நொய்டாவில் செய்வது போல, இவ்வாடகையை ஒரே தவணையில் மொத்தமாகச் செலுத்திவிடும் ஏற்பாடு உள்ள இடங்களில், அதற்குரிய சான்றினைப் பத்திரத்தோடு சேர்த்துக் காத்தல் வேண்டும்.

நகராட்சி வரியும் வீட்டுக்காரரைச் சார்ந்ததே. சங்கத்தின் பராமரிப்புக் கட்டணத்தைக் குடித்தனக்காரர் நேரே செலுத்துவதென்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். எனினும் அவர் தவறினால் சங்கம் உறுப்பினராகிய நம்மையே கேட்கும். மராட்டிய மாநிலத்துச் சங்கங்களில், உறுப்பினர் தாம் குடியிராமல் பிறரைக் குடிவைத்தால் ஒரு தனிக் கட்டணம் விதிப்பதுண்டு. அதை மனம்போல் உயர்த்திய சங்கங்களும் இருந்தன. 2001ஆம் ஆண்டு மராட்டிய அரசு பிறப்பித்த ஆணை, இக்கட்டணம் நகராட்சி வரிகள் நீங்கலான சேவைக் கட்டணத்தில் 10 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்று வரம்பு கட்டியது. நெருங்கிய குடும்பத்தினர் குடியிருந்தால் இக்கட்டணமே இல்லை. மும்பை வாழ் தமிழர் இதனை அறிந்திருத்தல் பயன் தரும்.

குடித்தனக்காரர் பக்கத்திலும் ஒரு பாதுகாப்பு உண்டு. வீட்டுக்காரர் செலுத்த வேண்டிய தொகையை அவர் செலுத்தாமையால், அது குடித்தனக்காரரிடமிருந்தோ அச்சொத்திலிருந்தோ வசூலிக்கப்படும் நிலை ஏற்பட்டால், குடித்தனக்காரர் தாமே அதைச் செலுத்தி, வட்டியோடு கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று 108ஆம் பிரிவு இடமளிக்கிறது.

பெறும் குடிக்கூலி வருமான வரிக்கு உட்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் உண்மையில் செலுத்திய நகராட்சி வரியைக் கூலியிலிருந்து கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டைப் பழுதுபார்ப்பு முதலிய செலவுகளுக்கென்று, கணக்குக் காட்டாமலே கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுக்காரர் செலுத்தாது குடித்தனக்காரரே செலுத்திய நகராட்சி வரியைக் கழிக்க இடமில்லை.

ஒப்பந்தம் எழுதுதல்

நம்மவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. 'அவரும் தஞ்சாவூர்ப் பக்கம்தான், நம் சங்கீத சபையில் உறுப்பினர், அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா?' என்று கூசுவார்கள். வேற்று மாநிலத்தில் நம் மொழி பேசுவோர் ஒருவரையொருவர் நம்பி வாழ்வது நல்ல பண்பே. ஆயினும் நம்பிக்கைக்கு எழுத்து பகையன்று. நட்பு நீடிக்க வேண்டுமாயின், இன்னின்ன செய்வோம் என்பதை முன்னமே எழுதிக்கொள்ளுதல் இருவருக்கும் நன்று.

சொத்து மாற்றச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே செல்லும். பதினோரு மாத ஒப்பந்தம் என்ற நாடறிந்த வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. ஆனால் பதினோரு மாதம் எழுதிவிட்டால் எங்கும் பதிவு வேண்டியதில்லை என்று எண்ணுவது பிழை. மராட்டியத்தில் 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, 'லீவ் அண்டு லைசென்சு' எனப்படும் அனுமதி ஒப்பந்தம் உட்பட, எந்தக் கால அளவுக்கான ஒப்பந்தமும் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாவிடில், நிபந்தனைகள் பற்றிக் குடித்தனக்காரர் கூறுவதே, வேறுவகையாக மெய்ப்பிக்கப்படும்வரை, ஏற்கப்படும்.

நொய்டாவுக்குப் பொருந்தும் உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தமின்றிக் குடிவைக்கலாகாது என்றும், ஒப்பந்த விவரத்தை வாடகை அதிகாரிக்கு இரண்டு மாதத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாதக் கூலிக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதி. டெல்லியிலோ 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988இல் செய்த திருத்தத்தின்படி, மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட கூலியுள்ள வீடுகளுக்குப் பொருந்தாது. இன்று புதிதாகக் குடிவைக்கும் வீடுகள் ஏறக்குறைய யாவும் இவ்வரம்பைக் கடந்தவை. ஆகவே அங்கே ஒப்பந்தத்தின் வாசகமும் சொத்து மாற்றச் சட்டமுமே வழிகாட்டிகள். ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதை வாடகைச் சட்டம் வந்து நிரப்பும் என்று அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை.

குத்தகை வீட்டுக்கான ஒப்பந்தத்தில் பிறவற்றோடு ஒரு வாசகம் இன்றியமையாதது. இவ்வீடு இன்ன ஆணையத்தின் குத்தகை நிலத்தில் உள்ளது என்றும், தலைமைக் குத்தகையின் நிபந்தனைகள் குடித்தனக்காரரையும் கட்டுப்படுத்தும் என்றும் தெளிவாகக் குறித்து, அந்நிபந்தனைகளின் படி ஒன்றையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தமக்குத் தெரியாத விதியை ஒருவர் மீறினார் என்று குறைகூறுவது முறையன்று.

குடித்தனக்காரருக்குச் செய்ய வேண்டியன

வீட்டில் உள்ள முக்கியக் குறைபாடுகள் நமக்குத் தெரிந்து, அவருக்கு எளிதில் தெரியக்கூடாதவையாக இருந்தால், அவற்றை முன்னரே சொல்ல வேண்டும் என்பது சட்டம். மழைக்காலத்தில் மேற்கூரை ஒழுகும் என்பதைக் கோடைக்காலத்தில் வீடு பார்க்க வருபவர் எவ்வாறு அறிவார்? கூலி ஒழுங்காகச் செலுத்தி, ஒப்பந்தப்படி நடந்துவரும்வரை, இடையூறின்றி அவர் குடியிருக்க விட வேண்டும் என்பதும் சட்டமே. நம் வீடுதானே என்று சொல்லாமற் கொள்ளாமல் உள்ளே நுழைவதும், மறுசாவியை வைத்துக்கொண்டு திறப்பதும் அவ்வுரிமைக்கு மாறானவை. கூலி பாக்கிக்காகக் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டித்தல், டெல்லிச் சட்டத்திலும் உத்தரப் பிரதேசச் சட்டத்திலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மனித நேயமும் அதனை ஒப்பாது.

பழுதுபார்க்கும் பொறுப்புப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. சொத்து மாற்றச் சட்டம், எல்லாப் பழுதுகளையும் வீட்டுக்காரரே பார்க்க வேண்டும் என்று பொதுவாக விதிக்கவில்லை. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்திற்குள் அவர் செய்யத் தவறினால், குடித்தனக்காரர் தாமே செய்து, செலவை வட்டியோடு கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றே அது கூறுகிறது. எந்தப் பழுது யாருடையது என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்க வேண்டும். சுவர், கூரை, சுவருக்குள் ஓடும் குழாய், மின்கம்பி ஆகியவை வீட்டுக்காரருக்கும், குழாயின் வாசரும் விளக்கும் போன்ற அன்றாடத் தேய்மானங்கள் குடித்தனக்காரருக்கும் என்று பிரித்து எழுதுவது நடைமுறைக்கு ஒத்தது.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் குளியலறையின் ஈரம் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கசியும். கசிவைக் கண்டவர் முதலில் மோதுவது குடித்தனக்காரரோடு. ஆனால் தரையைப் பெயர்த்துக் குழாயை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. வீட்டுக்காரர் தொலைவில் இருந்து தாமதித்தால், இரு குடும்பங்களிடையே பகை மூளும். ஆதலால் அவசரப் பழுதுக்கென ஒரு தொகை வரை முன் கேளாமலே செலவிட்டுக் கணக்குக் காட்டும் உரிமையைக் குடித்தனக்காரருக்கு ஒப்பந்தத்தில் அளித்துவிடுதல் நன்று.

கூலி பெற்றதற்கு ரசீது கொடுத்தலும், குடிபுகும் நாளில் வீட்டிலுள்ள பொருள்களின் பட்டியலில் இருவரும் கையெழுத்திடலும், வெளியேறும் நாளில் நியாயமான தேய்மானத்தைக் குற்றமாகக் கொள்ளாமல் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தலும் சிறிய செயல்கள். ஆனால் பெரிய வழக்குகளைத் தவிர்ப்பவை. வெள்ளையடித்த சுவர் இரண்டாண்டில் மங்குவது இயற்கை. அதற்காக முன்பணத்திற் பாதியைப் பிடித்துக்கொள்வது அறமாகாது.

பயன் மாறினால்

குடியிருக்க வந்தவர் முன்னறையில் மாணவர்களைக் கூட்டி வகுப்பு நடத்துகிறார். அல்லது வீட்டைச் சரக்கறையாக மாற்றுகிறார். அல்லது தாம் வேறிடத்திற்குச் சென்று, படுக்கைக்கு இவ்வளவென்று பல இளைஞரைச் சேர்த்துத் தங்கவைக்கிறார். குடியிருப்புக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு நிலம் தந்த ஆணையம் இதைக் கண்டால், அறிவிப்பு வருவது வீட்டுக்காரர் பெயருக்கே. வீட்டுக்காரரோ திருச்சியில் இருப்பார். அறிவிப்போ டெல்லி வீட்டின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும்!

இதனை எதிர்கொள்ள வழிகள் உள்ளன. ஆணையத்தின் ஏட்டில் நம்முடைய இப்போதைய முகவரியை மாற்றி எழுதச் செய்தல் முதல் வழி. வீட்டுக்கு வரும் எந்த அறிவிப்பையும் உடனே அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்தல் இரண்டாவது. ஆண்டுக்கொரு முறையேனும், முன்னறிவித்து, வீட்டை நேரிற் பார்த்தல் மூன்றாவது. தவறு கண்டவுடன் எழுத்து மூலம் குடித்தனக்காரருக்கு அறிவித்து, அதன் படியைக் காத்தல் நான்காவது. நாம் கண்டும் காணாமல் இருக்கவில்லை என்பதற்கு அப்படியே சான்றாகும்.

1958ஆம் ஆண்டு டெல்லிச் சட்டத்தை இயற்றியோர் இந்த இடுக்கண்ணை அன்றே உணர்ந்திருந்தனர். நிலத்தைக் குத்தகைக்குத் தந்த அரசாங்கமோ வளர்ச்சி ஆணையமோ மாநகராட்சியோ வீட்டுக்காரருக்கு விதித்த நிபந்தனைக்கு மாறாக, முன்னறிவிப்புக் கொடுத்தும், குடித்தனக்காரர் வீட்டைப் பயன்படுத்தினால், அதுவே அவரை வெளியேற்றக் காரணமாகும் என்று அதன் 14ஆம் பிரிவில் தனியே ஒரு விதி வகுத்தனர். குறைந்த கூலியில் உள்ள பழைய வீடுகளுக்கு இவ்விதி பொருந்தும். மற்றவற்றுக்கு இதே வாசகத்தை நாமே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மாதவாடகைக் குடித்தனத்தை முடிக்க, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, 15 நாள் அறிவிப்புப் போதும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 106ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு அது போதாதென்பதை எண்ணி, ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்று கூட்டி எழுதிக்கொள்ளுதல் நாகரிகமாகும்.

தொலைவில் இருப்போர்க்கு

ஊர் திரும்பியோர் வீட்டைக் கவனிக்க நண்பருக்கோ உறவினருக்கோ அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது வழக்கம். குடிவைத்தல், கூலி பெறுதல், பழுதுபார்த்தல், வழக்கு நடத்தல் என்று அதிகாரத்தை வரையறுத்து எழுதுவதே பாதுகாப்பு. விற்கும் அதிகாரம் வரை தாராளமாக எழுதிக் கொடுத்துப் பின்னர் வருந்தலாகாது.

இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். குத்தகை வீடுகளை விற்க அனுமதி வேண்டியிருந்தமையாலும், அனுமதிக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருந்தமையாலும், டெல்லியில் நெடுங்காலம் அதிகாரப் பத்திரத்தின் வழியாகவே வீடுகள் கைமாறின. 2011ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவ்வாறான அதிகாரப் பத்திரம் உரிமை மாற்றம் ஆகாது. முறையாகப் பதிவு செய்த பத்திரமே உரிமையை மாற்றும் என்று தீர்ப்பளித்தது. இவ்வகையில் வீடு பெற்றவர், ஆணையத்தின் ஏட்டில் தம் பெயர் ஏறியிருக்கிறதா என்று அறியாமல் பிறரைக் குடிவைத்தால், பின்னொரு நாள் பழைய ஒதுக்கீட்டாளரின் வாரிசு வந்து கூலியைத் தமக்கே தர வேண்டும் என்று கேட்கும் சங்கடம் நேரலாம். குடித்தனக்காரரும் முன்பணம் கொடுக்குமுன், வீட்டுக்காரரின் உரிமைப் பத்திரத்தைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. கேட்டால் வீட்டுக்காரர் சினப்பதற்கும் நியாயமில்லை.

குடித்தனக்காரரின் அடையாள விவரங்களைக் காவல் நிலையத்தில் அறிவிப்பதும் பல நகரங்களில் வீட்டுக்காரரின் கடமை. டெல்லியில் காவல்துறை ஆணையர் அவ்வப்போது பிறப்பிக்கும் ஆணைகளின்படி இதில் தவறுவது குற்றமாகும். படிவத்தை நிரப்பச் செலவாகும் நேரம் சிறிது. அலட்சியத்தால் விளையும் அலைச்சலோ பெரிது.

முழு உரிமையாக மாற்றுதல்

குத்தகை உரிமையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் டெல்லியில் 1992ஆம் ஆண்டு தொடங்கியது. உரிய கட்டணத்தையும் பாக்கிகளையும் செலுத்தி, உரிமை மாற்றப் பத்திரத்தைப் பதிவு செய்துகொண்டால், அடிமனை வாடகையும், விற்பனைக்கு அனுமதி கேட்பதும் நீங்கும். எனினும் நகராட்சி விதிகளும், நகரத் திட்டத்தின் பயன்பாட்டு வரம்புகளும், சங்கத்தின் விதிகளும் அப்போதும் நீங்கா. குடித்தனக்காரருக்கு நாம் செய்ய வேண்டியவற்றிலும் எதுவும் குறைவதில்லை.

மாற்றிக்கொள்ள வழியில்லாத இடங்களில், எஞ்சிய குத்தகை ஆண்டுகள் எத்தனை என்று கணக்கிட்டு வைத்துக்கொள்வது நன்று. நம்மிடம் உள்ள காலத்தைவிட நீண்ட காலத்தைப் பிறருக்கு நாம் கொடுக்க முடியாது. குத்தகைக் காலம் முடிந்தால், நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமை நம்முடையது. குடித்தனக்காரரை அதற்குள் வெளியேறச் செய்யும் பொறுப்பும் நம்முடையதே.

வீட்டைக் குடிக்கூலிக்கு விடுமுன் தலைமைக் குத்தகைப் பத்திரத்தைப் படிக்க. வேண்டிய அனுமதியை எழுத்தில் பெறுக. அடிமனை வாடகையும் வரியும் பாக்கியின்றிச் செலுத்துக. அம்மாநிலச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்க. குத்தகையின் நிபந்தனைகளைக் குடித்தனக்காரருக்கு அறிவிக்க. நம் முகவரியை ஆணையத்திலும் சங்கத்திலும் மாற்றிக்கொள்க. இவற்றைச் செய்தவருக்கு அயலூரில் உள்ள வீடு முதுமைக் காலத்துக்கு உறுதுணையாகும். அவ்வீட்டில் விளக்கேற்றி வாழும் குடும்பமும், நாளை யார் வந்து கதவைத் தட்டுவாரோ என்ற அச்சமின்றி உறங்கும்.